அபிதா: இரண்டு மனசு

போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்காக நானும் என் மனைவியும் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் போனோம். கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணை கண்ணில் படும் வரை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு மலைப்பாதை. மலைப்பாதையில் படித்தால் எனக்குத் தலை சுற்றும், அவளுக்குச் சுற்றாது. பையில் லா. ச. ராமாமிருதத்தின் 'அபிதா' இருந்தது. எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இருபது வயசில் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, தெரியுமா?" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

போகும்போது பாதி, திரும்பும்போது மீதி என்று படித்து முடித்தாள். சின்னப் புஸ்தகந்தானே. முடித்துவிட்டு என்னிடம் நீட்டியபடியே கேட்டாள்:

"ஏங்க, இந்தச் சாவித்திரி இவருக்கு என்னாங்க பண்ணா?"

இது சாவித்திரியின் கதையல்ல, அம்பியின் கதை என்று நான் விளக்க ஆரம்பித்தேன்.

"அது தெரியுது. அவரு கதைதான். எல்லாத்தையும் அவருதானே பேசறாரு. அந்தப் பொண்ணு எப்ப வாயத் தொறந்து பேசும்னு பாத்துக்கிட்டே வந்தேன். மலையே எறங்கிட்டோம்."

எதிரே கரும்பு லாரி ஒன்று வந்தது. அதைப் பார்ப்பது போல நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்குச் சொல்லத் தெரியாத பதிலை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

'அபிதா' 1970ல் வெளிவந்த குறுநாவல். லா. ச. ரா. 1916ல் பிறந்தவர், வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர். 'புத்ர' 1965ல் வந்தது, அதற்கடுத்து இது. சாகித்ய அக்காதெமி பரிசு 1989ல் 'சிந்தாநதி'க்குக் கிடைத்தது. 2007ல் காலமானார். தமிழ் உரைநடையில் அவரைப் போல் அவருக்கு முன்னும் யாரும் எழுதவில்லை. பின்னால் அப்படி எழுத முயன்றவர்கள் பலரும் கெட்டுப்போனார்கள். கெட்டுப்போனவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு வருகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அம்பி என்பவன் சொல்லும் கதை. இளமையில் கரடிமலை என்ற ஊரில் இருந்தவன். அங்கே குருக்களின் பெண் சகுந்தலைமேல் அவனுக்குப் பிரியம். ஆனால் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். போன இடத்தில் வாழ்வு கிடைக்கிறது, வசதி கிடைக்கிறது, சாவித்திரி என்ற மனைவி கிடைக்கிறாள். பல வருஷங்கள் கழித்து, நடுவயது கடந்த பிறகு, மனைவியையும் அழைத்துக்கொண்டு பழைய ஊருக்கு வருகிறான். வந்து பார்த்தால் சகுந்தலை உயிரோடு இல்லை. அவளை அப்படியே உரித்து வைத்தாற்போல் அவளுடைய பெண் நிற்கிறாள். அவள்தான் அபிதா. அதன்பின் அம்பியின் மனசு படும் பாடுதான் மீதிக் கதை. முடிவை நான் சொல்லப் போவதில்லை. படிக்காதவர்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். வயசாவதன் துக்கத்தை இவ்வளவு பச்சையாகச் சொன்ன தமிழ்க் கதை வேறெதையும் எனக்குத் தெரியாது. இழந்தது ஒரு பெண்ணை மட்டுமல்ல, அவளைப் பார்த்த அந்த வயசையும்தான் என்பது அம்பிக்குத் தெரிகிறது. தெரிந்தும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவன் தேடி வந்தது சகுந்தலையையா, பழைய அம்பியையா? ஆசிரியர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வாசகனைக் கேட்க வைத்துவிடுகிறார். அது சாமானிய வேலையல்ல. பாஷையோ, சொல்லவே வேண்டாம். வாக்கியம் ஓடும், நிற்கும், ஒற்றைச் சொல்லாய்த் தனியே விழும். அர்த்தம் வருவதற்கு முன்பே ஓசை வந்து நம்மைத் தொட்டுவிடும். கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல் வீட்டுக்கு வந்து, கள்ளக்குறிச்சி நூலகமே கதி என்று கிடந்த காலத்தில் இதைப் படித்தேன். தமிழில் இப்படிக்கூட எழுதலாமா என்று மயிர்க்கூச்செடுத்தது. அந்த நன்றியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆனால் நாற்பத்தாறு வயசில் படிக்கும்போது வேறொன்றும் கூடவே படிக்கக் கிடைக்கிறது. அம்பியின் வயசை நானும் நெருங்கிக்கொண்டிருக்கிறேன். அவன் அபிதாவைப் பார்க்கும் பார்வையை இருபது வயசில் கவிதையாகப் படித்தேன். இப்போது, வயசுக்கு வரும் பெண்கள் உள்ள தெருவில் குடியிருக்கும் ஒரு மனுஷனாகப் படிக்கிறேன். அந்தப் பெண்ணின் தகப்பன் வயசு இவனுக்கு. அவளோ வளர்ந்த வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவள். இவன் வசதியோடு, காரியம் செய்து தரக்கூடிய பெரிய மனுஷனாக வந்திருக்கிறான். இதெல்லாம் கதையில் இருக்கிறது. இருந்தும், பாஷையின் வெள்ளத்தில் நம் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போய்விடுகிறது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். கதை சொல்கிற 'நான்' வேறு, எழுதுகிறவர் வேறு. அம்பியின் ஆசைக்கு லா. ச. ரா.வைப் பிடித்து விசாரிப்பது அறிவீனம். அதே மாதிரி, ஒருவன் சொல்லும் கதையில் அவன் கண்ணுக்குப் பட்டதுதான் வரும். எல்லாப் பாத்திரங்களுக்கும் சரிபாதி பங்கிட்டுக் கொடுக்க இது பாகப்பிரிவினை அல்ல. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். என் சங்கடம் அதுவல்ல. சொல்கிறவனுக்குத் தெரியாத ஒரு பக்கம் அவளுக்கு உண்டு என்பதை எழுதுகிறவர் நமக்குக் காட்டுகிறாரா என்பதுதான் கேள்வி.

காட்ட முடியுமா என்று கேட்டால், முடியும். துர்கனேவின் 'முதல் காதல்' 1860ல் வந்தது. அதுவும் குறுநாவல்தான், அதையும் ஒரு ஆண்தான் சொல்கிறான். பதினாறு வயசில் பக்கத்து வீட்டு ஜினைதாவை அவன் உயிராய் நேசிக்கிறான். அவளோ அவனுடைய தகப்பனாரை நேசித்துக்கொண்டிருக்கிறாள். இது அவனுக்குத் தெரியவரும் இடத்தில் கதை சட்டென்று பெரிதாகிவிடுகிறது. தான் இல்லாத ஒரு வாழ்வு அவளுக்கு இருந்தது, அதில் அவள் தன்னைவிட அதிகமாகத் துன்பப்பட்டாள் என்று அந்தப் பையன் தெரிந்துகொள்கிறான். அவள் நிறையப் பேசவில்லை. ஆனால் அவள் அங்கே இருக்கிறாள். தாஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' 1848ல் வந்தது. அங்கே கனவு காண்பவன் பேசிக்கொண்டே போகிறான். நாஸ்தென்காவோ, என் கதையையும் கேள் என்று உட்கார வைத்துச் சொல்கிறாள். அதற்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது.

இன்னும் நெருங்கிய உறவுகளும் உண்டு. தாமஸ் ஹார்டி 1897ல் ஒரு நாவல் வெளியிட்டார். அதில் ஒரு சிற்பி முதலில் ஒரு பெண்ணை, பிறகு அவள் மகளை, பிறகு பேத்தியை என்று மூன்று தலைமுறையாக ஒரே முகத்தைத் தேடி அலைகிறான். ஹார்டி அவனைத் தள்ளி நின்று பார்க்கிறார். அதனால் அவனைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கவும் அவரால் முடிகிறது. நபக்கோவின் 'லோலிடா' 1955ல் வந்தது. சிறுவயதில் செத்துப்போன காதலியை ஒரு சிறுமியிடம் கண்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்கிற நடுவயதுக்காரன் அங்கேயும் உண்டு. அழகான பாஷை அங்கேயும் உண்டு. ஆனால் அவன் சிறையிலிருந்து எழுதுகிறான். விசாரிக்கிறவர்களை விளித்துப் பேசுகிறான். அதனால் நாம் கவிதையை ரசித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார வைக்கப்படுகிறோம். அம்பிக்கு அப்படி ஒரு சபை இல்லை. அவன் தன் மனசுக்குள்ளேயே பேசிக்கொள்கிறான். அங்கே அவனைத் தடுத்துக் கேட்க யாருமில்லை. சாவித்திரி ஒருத்திதான் இருக்கிறாள். அவள் வாய் திறக்கும்போதெல்லாம் கதை தரைக்கு இறங்கி வருகிறது. அவள் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்பதுதான் என் மனைவியின் புகார். இப்போது அது என் புகாரும்கூட.

சகுந்தலை என்ற பெயரையும் யோசிக்க வேண்டும். அந்தப் பெயரைச் சும்மா வைக்கிறவர் அல்ல லா. ச. ரா. மறந்துபோன ராஜாவின் கதை நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் பாரதத்தில் வரும் சகுந்தலை சபையில் நின்று துஷ்யந்தனோடு நேருக்கு நேர் வாதாடுகிறாள். காளிதாசனின் மென்மையான சகுந்தலைகூட அந்தச் சமயத்தில் ராஜாவை வைதுவிடுகிறாள். கரடிமலைச் சகுந்தலைக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. ராஜா வந்து சேர்வதற்குள் செத்துப்போகிறாள். அவனுக்குச் சௌகரியமாகப் போயிற்று என்று சொல்வது கொடுமை. ஆனால் அப்படிச் சொல்லத் தோன்றுகிறது.

அபிதா என்ற பெயரில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது சட்டென்று புரியும். திருவண்ணாமலை எங்களுக்குத் தூரமில்லை. அங்கே அம்பாளின் பெயர் அபீதகுசாம்பாள், தமிழில் உண்ணாமுலை. அந்தப் பெயரிலிருந்து பிறந்தவள்தான் அபிதா என்றும், தீண்டப்படாத, தீண்ட இயலாத என்ற பொருளைத் தாமே அந்தப் பெயருக்கு வருவித்துக்கொண்டதாகவும் லா. ச. ரா. முன்னுரையில் சொல்லியிருக்கிறார். இங்கேதான் அவருடைய அந்தரங்கம் தெரிகிறது. அம்பிக்கு அவள் கிட்ட மாட்டாள் என்பதை ஆசிரியர் முதலிலேயே, பெயரிலேயே, எழுதி வைத்துவிட்டார். ஆகவே அவருக்குத் தெரியாமல் எதுவும் நடந்துவிடவில்லை. அம்பியின் தோல்வி அவர் அறிந்தே செய்தது.

ஆனால் அந்தத் தோல்விக்கு அவர் சொல்லும் காரணத்தில்தான் எனக்கு இசைவில்லை. அவள் எட்டாதவள் என்கிறார் அவர். அவள் கேட்கப்படாதவள் என்கிறேன் நான். இரண்டும் ஒன்றல்ல. எட்டாதவளை நினைத்து உருகலாம், பாடலாம், விழுந்து கும்பிடலாம். கேட்கப்படாதவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் உண்ணாமலை என்று பெண்களுக்குப் பெயர் வைப்பது சகஜம். எங்கள் தெருவில் தயிர் விற்ற ஒரு கிழவிக்கு அந்தப் பெயர். அம்பாளின் பெயரைத்தான் அவளும் சுமந்தாள், தயிர்ச்சட்டியோடு சேர்த்து. வெயிலில் திண்ணையில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர், "என்னா உண்ணாமல, கால் வலியா?" என்று கேட்பார்கள். அவளும் சொல்வாள், வேண்டிய மட்டும். பெண்ணைத் தெய்வமாக்குவது மரியாதை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அவள் சொல்வதைக் கேட்காமல் இருப்பதற்கும் அது ஒரு வழியாகலாம் என்பது இப்போதுதான் புரிகிறது.

மலைக்குப் போன அன்று இதற்குச் சம்பந்தமான இன்னொரு ஞாபகமும் வந்தது. கல்வராயன் மலையில் இருப்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்றுதான் அர்த்தம். தமிழ் பேசுகிறவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லுவார்கள். தர்ஸ்டன் துரை 1909ல் வெளியிட்ட ஏழு பாகப் புஸ்தகத்தில், அந்நாளைய தென்னாற்காடு ஜில்லா மலையாளிகள் சொன்ன கதை ஒன்று பதிவாகியிருக்கிறது. அவர்கள் வருமுன் மலையில் வேடர்கள் இருந்தார்களாம். வந்தவர்கள் ஆண்களைக் கொன்றுவிட்டுப் பெண்களை மணந்துகொண்டார்களாம். செத்துப்போன வேடப் புருஷனைக் குறிப்பதற்காகக் கல்யாணத்தில் ஆகாயத்தை நோக்கி ஒரு துப்பாக்கி வெடிப்பார்களாம். இது வெறும் கதை. சரித்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாங்கள் போன கல்யாணத்தில் துப்பாக்கி எதுவும் வெடிக்கவில்லை. மேளமும் ஒலிபெருக்கியும்தான், பலாமரத்தடியில் பந்தி.

ஆனாலும் அந்தக் கதை என்னை விடவில்லை. அதைச் சொன்னவர் ஒரு ஆணாகத்தான் இருக்க வேண்டும், எழுதிக்கொண்டவரும் ஆண்தான். அந்த வேடப் பெண்கள் என்ன சொன்னார்கள்? அவர்கள் பேசியது ஒன்றும் கதையில் இல்லை. ஒரு வெடிச் சத்தம் மட்டும் இருக்கிறது, அதுவும் புருஷனுக்காக. ஆண் சொல்லும் கதையில் பெண்ணின் இடம் எங்கே என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

இது ஆண்கள் எழுதுவதன் குற்றம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே மாவட்டத்தில் திருக்கோவலூர் இருக்கிறது. தென்பெண்ணைக் கரையில் கபிலர் குன்றைக் காட்டுவார்கள். பாரியின் பெண்ணை மலையமானிடம் சேர்த்துவிட்டுக் கபிலர் அங்கே தீப்பாய்ந்ததாக முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிறது. அந்தக் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடி. அதில் வரும் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களைப் பள்ளிக்கூடத்தில் எங்களைக் கொண்டு உருப்போட வைத்தார்கள். பூக்களை உருப்போட்டோமே தவிர, அந்தப் பாட்டைச் சொல்வது யார் என்று யோசிக்கவில்லை. சொல்கிறவள் தோழி, கேட்கிறவள் செவிலித்தாய். தினைப்புனம் காத்தது, அருவியில் ஆடியது, வேட்டை நாய்களோடு அவன் வந்தது, யானை வந்தது, இவள் மனசு அவன்பால் போனது எல்லாம் ஒரு பெண் வாயால் இன்னொரு பெண்ணுக்குச் சொல்லப்படுகின்றன. அந்தப் பாட்டில் தலைவன் மிக அழகாகத்தான் இருக்கிறான். ஆனால் அவனுடைய அழகைச் சொல்கிறவன் அவனல்ல.

நம் பழைய அகப்பாட்டுக்களின் ஏற்பாடே அதுதான். தலைவன் பேசுவான், தலைவி பேசுவாள், தோழி, செவிலி, நற்றாய், ஏன், பரத்தைகூடப் பேசுவாள். ஒரு காதலுக்கு இத்தனை வாய்கள். பாடினவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான். ஆனாலும் தன் குரல் ஒன்றுதான் காதலின் குரல் என்று அவர்கள் நினைக்கவில்லை. இந்தச் சொத்தை வைத்துக்கொண்டு நாம் எப்போது 'நான், நான்' என்று ஒருவனே புலம்பும் கதைக்கு வந்து சேர்ந்தோம்? மேற்கிலிருந்து வந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. துர்கனேவும் மேற்குதான்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விடுவது நாணயமில்லை. என் முதல் கதை அச்சில் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயசு. 'அபிதா'வின் ஜுரம் தணியாத காலம். மோட்டார் கொட்டகைக்குத் துணி துவைக்க வரும் ஒரு பெண்ணைப் பற்றி அதில் ஒருவன் பதினொரு பக்கம் உருகுகிறான். வானம், நீர், வளையல், பிறவி எல்லாம் வருகின்றன. பல வருஷம் கழித்துத் தொகுப்புக்காக எடுத்துப் படித்தபோது ஒரு விபரீத ஆசையால் அந்தப் பெண் பேசும் வார்த்தைகளை எண்ணினேன். மொத்தம் நாலு வாக்கியம். மூன்று, "ம்", "இல்ல", "வரேன்". நாலாவது, "மோட்டாரு நின்னு போச்சு, போட்டு வுடறீங்களா?" பதினொரு பக்கத்தில் உயிரோடு இருந்தது அந்த ஒரு வாக்கியந்தான். மீதியெல்லாம் என் சத்தம். அந்தக் கதையை நான் தொகுப்பில் சேர்க்கவில்லை.

லா. ச. ரா.வின் கதை அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. என் உருக்கம் இரவல், அவருடையது சொந்தம். ஒருவன் தன் ஆசைக்குத் தானே எப்படிக் கோயில் கட்டிக்கொள்கிறான் என்பதை இவ்வளவு அணுக்கமாகக் காட்டியதற்காகவே 'அபிதா' நிற்கும். ஆனால் அந்தக் கோயிலுக்குள் இருக்கும் பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது என்பதைக் கதை எங்கேயாவது உணர்கிறதா? உணர்கிறது என்று ஒரு பக்கம் நினைக்கிறேன். இல்லை என்று அடுத்த பக்கத்தில் நினைக்கிறேன். நான் அதைப் படித்த நாலு தடவையும் இப்படித்தான்.

எழுத ஆரம்பிக்கும் பிள்ளைகள் கேட்டால் 'அபிதா'வைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். பாஷைக்காகப் படியுங்கள். படித்து முடித்ததும் உடனே எழுத உட்கார வேண்டாம். வீட்டில் மனைவியிடமோ அக்காளிடமோ கொடுத்து அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். நான் அதைச் செய்வதற்கு இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

புஸ்தகத்தை மறுபடியும் அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த தடவை எடுக்கும்போது அம்பியின் வயசை நான் தாண்டியிருப்பேன். அப்போது என்ன தோன்றுகிறது என்று பார்க்க வேண்டும். என் மனைவிக்கு என்ன தோன்றும் என்பது எனக்கு இப்போதே தெரியும்.